உறைந்த கால்வாயிற் படகு வாழ்க்கை

பனி என்னும் ஒரே சொல்லால் நாம் பலவற்றைக் குறிக்கின்றோம். மார்கழி விடியலிற் புல் நுனியில் நிற்கும் துளியும் பனி. மலைநாட்டுச் சாரலை மூடும் வெண்புகையும் பனி. வடநாடுகளில் வானிலிருந்து பஞ்சுபோல் இறங்குவதும் பனி. ஆனால், ஓடையும் குளமும் மேற்பரப்பிற் கல்லாகி, அதன்மேல் வாத்துக்கள் நடந்து செல்லும் காட்சியை நாம் நம் நாட்டிற் காண்பதில்லை. அத்தகைய நீரின் நடுவே, 7 அடி அகலமுமில்லாத ஒரு படகையே வீடாகக் கொண்டு குளிர்காலத்தைக் கழிக்கும் மக்கள் இங்கிலாந்தில் இருக்கின்றார்கள். அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

படகு வீடு என்றதும் உல்லாசப் பிரயாணமே பலருக்கும் நினைவுக்கு வரும். கோடைக்கு அந்நினைவு பொருந்தலாம். ஆனால், ஒரு வீட்டின் தன்மையை அறிய வேண்டுமாயின் அதனைக் கொடுங்குளிரிலேயே பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்க்கும்போது, இப்படகுகள் நெடுங்காலமாக ஒரு கேள்வியை எழுப்பி வந்திருப்பது புலப்படும். ஓரிடத்தில் நில்லாதவனுக்குப் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் தபாற் கந்தோரும் எவ்வாறு உதவுவது என்பதே அக்கேள்வி.

முதலிற் கால்வாய்களின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். வேர்ஸ்லி என்னும் ஊரிலிருந்த தமது சுரங்கங்களிலிருந்து மாஞ்செஸ்டர் நகருக்கு நிலக்கரியைக் கொண்டு செல்வதற்காகப் பிரிட்ஜ்வாட்டர் கோமகன் ஒரு கால்வாயை வெட்டுவித்தார். அது 1761ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் பயனாக மாஞ்செஸ்டரில் நிலக்கரியின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இதன் காரணம் எளிது. முதுகிற் பொதி சுமக்கும் குதிரை இரண்டு மூன்று அந்தர் எடையையே சுமக்கும். அதே குதிரை கரையில் நடந்து கொண்டு, நீரில் மிதக்கும் படகைக் கயிற்றால் இழுக்குமாயின் 25 தொன் எடையையும் இழுத்துச் செல்லும். இதனைக் கண்ட பின்னர் இங்கிலாந்தெங்கும் கால்வாய்கள் பெருகின.

கோமகனின் கால்வாயை அமைப்பதிற் பங்கு கொண்ட ஜேம்ஸ் பிரிண்ட்லி என்பவரே பின்னர் மத்திய இங்கிலாந்தினூடாகச் செல்லும் கால்வாய்களையும் வகுத்தார். மேட்டு நிலத்திற் கால்வாய் ஏற வேண்டிய இடங்களில் நீர்ப்பூட்டுக்கள் அமைக்கப்பட்டன. நீர்ப்பூட்டு என்பது இருபுறமும் கதவுள்ள ஒரு கற்றொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவை அடைத்து நீரை நிரப்பினாற் படகு உயரும்; நீரை வடித்தால் அது தாழும். செலவையும் நீரையும் மிச்சப்படுத்தக் கருதி, இத்தொட்டிகளை ஏறத்தாழ 7 அடி அகலமும் 72 அடி நீளமும் உடையனவாக அமைத்தார்கள். அத்தொட்டிக்குள் அடங்கும் பொருட்டுப் படகுகளும் 6 அடி 10 அங்குல அகலமும் 70 அடி வரை நீளமும் உடையனவாயின. இவற்றையே ஆங்கிலேயர் 'நரோபோட்' என்பர். ஒடுங்கிய படகு என்று நாம் சொல்லலாம். அன்று ஒரு பொறியியலர் வகுத்த அளவே இன்று வரையும் ஆயிரக்கணக்கானோரின் வீட்டு அகலத்தைத் தீர்மானிக்கின்றது.

தொடக்கத்திற் படகோட்டிகளுட் பெரும்பாலோர்க்குக் கரையில் வீடும் குடும்பமும் இருந்தன. புகையிரதப் பாதைகள் பரவியதும் நிலைமை மாறியது. சரக்குக் கூலி வீழ்ந்தது. கரையில் வீட்டுக்கு வாடகை கொடுத்து, படகில் உதவியாளனுக்குக் கூலியும் கொடுக்க இயலாத படகோட்டி, வீட்டைக் கைவிட்டு மனைவியையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றிக்கொண்டான். மனைவி சுக்கான் பிடித்தாள். மூத்த பிள்ளை குதிரையை நடத்தியது. இளையது அறைக் கூரையிற் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தது. இவ்வாறு வறுமையின் நெருக்குதலால், நீரின்மேல் ஒரு சமுதாயமே உருவாயிற்று.

அவர்களுக்கு இருப்பிடமாயிருந்தது படகின் பின்புறத்திலுள்ள ஒரு சிற்றறை. அதன் நீளம் ஏறத்தாழ 10 அடி. அகலம் படகின் அகலமே. மீதி இடமெல்லாம் சரக்குக்கு உரியது. வாயிலில் இறங்கியவுடன் இடப்புறத்தில் இரும்படுப்பு இருக்கும். அதற்கடுத்த அலுமாரியின் கதவைக் கீழே சாய்த்தால் அது மேசையாகும். அறையின் கடைசியிலுள்ள மற்றோர் அலுமாரியின் கதவைச் சாய்த்தாற் கட்டிலாகும். நிலக்கரிப் பெட்டியே உள்ளே இறங்கும் படியுமாகும். குடிநீர், வண்ணப்பூ எழுதிய தகர ஏனங்களிற் கூரைமேல் இருக்கும். ரோசாப் பூக்களையும் கோட்டைகளையும் கதவுகளிற் சித்திரித்தும், பித்தளைக் குமிழ்களைத் துலக்கியும், பின்னல் ஓரம் வைத்த துணிகளைத் தொங்கவிட்டும் அச்சிற்றறையை அவர்கள் அழகு செய்தார்கள். கரையிலுள்ளோர் தம்மை இழிவாக எண்ணுவதை அறிந்த மக்கள், தம் வீட்டுத் துப்புரவினால் அவர்களுக்கு மறுமொழி கூறினார்கள் எனலாம்.

குளிர்காலத்தில் அவ்வடுப்பே அக்குடும்பத்தின் உயிர்நிலை. சுக்கான் பிடிப்பவர் அறைவாயிலில் நிற்பார். இடுப்புக்கு மேல் காற்றும் ஆலங்கட்டியும் அறையும். இடுப்புக்குக் கீழே அடுப்பின் வெப்பம் தாங்கும். நனைந்த கயிறு உறைந்து கம்புபோல் விறைக்கும். நீர்ப்பூட்டின் கதவுமேலுள்ள ஒடுங்கிய பலகையில் உறைபனி படிந்திருக்கும். இருட்டில் அதன்மேல் நடந்து மறுகரை செல்ல வேண்டும். கால் வழுக்கினால் விழுவது ஆழமும் குளிரும் மிக்க தொட்டிக்குள்ளாகும்.

கால்வாய் நீர் ஆற்று நீர்போல் ஓடுவதன்று. ஆழமும் சில அடியே. ஆதலின் அது விரைவில் உறையும். உறைந்தாற் பனிக்கட்டியை உடைக்கும் படகு வரும். அதனைப் பல குதிரைகள் இழுக்கும். படகின் நடுவே நெடுக ஓர் இருப்புக் கம்பி பொருத்தியிருக்கும். பலர் அக்கம்பியைப் பிடித்துக்கொண்டு படகை இப்பாலும் அப்பாலும் ஆட்டுவர். படகு ஆட ஆடக் கட்டி உடைந்து வழி பிறக்கும். சில இரவுகளில் உடைத்த வழி விடியுமுன்னரே மீண்டும் மூடிக்கொள்ளும். பின்னர் இளகும் வரையிற் காத்திருப்பதன்றி வேறு வழியில்லை.

காத்திருப்பது பசியோடு காத்திருப்பதாகும். ஏனெனில், படகோட்டிக்குக் கூலி கொண்டு சென்ற சரக்கின் தொன்னுக்கே கிடைத்தது. இருந்த நாட்களுக்கு அன்று. படகு நின்றாற் கூலி இல்லை. படகு ஓடினாற் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. இவ்விரண்டுக்குமிடையில் அகப்பட்டு ஒரு தலைமுறையன்று, பல தலைமுறைகள் எழுத்தறியாமல் வளர்ந்தன.

பாடசாலைப் பணியில் ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் இவ்விடத்திற் சிறிது தாமதிக்க விரும்புகின்றேன். கோல்வில் என்னும் ஊரைச் சேர்ந்த ஜோர்ஜ் சிமித் என்பவர், செங்கற் சூளைகளில் வேலை செய்த சிறுவர்களுக்காக முன்னர்ப் போராடியவர். அவர் படகுப் பிள்ளைகளின் நிலையையும் எடுத்துக்கூறி இடைவிடாது கிளர்ச்சி செய்தார். அதன் பயனாக 1877ஆம் ஆண்டிற் கால்வாய்ப் படகுச் சட்டம் நிறைவேறியது. 1884இல் அது வலுப்படுத்தப்பட்டது. மக்கள் வாழும் படகு ஒவ்வொன்றும் ஓர் ஊரிற் பதிவு செய்யப்படல் வேண்டும். ஓர் அறையில் எத்தனை பேர் உறங்கலாம் என்பதற்கு வரம்பு வேண்டும். படகிலுள்ள பிள்ளை, படகு பதிவான ஊரிலேயே வசிப்பதாகக் கருதப்பட்டு அங்குள்ள பள்ளிக்கு உரியதாகும். இவையே அச்சட்டத்தின் சாரம்.

நல்ல நோக்கமுடைய சட்டமே அது. ஆயினும் நடந்தது என்ன? ஊரின் இடாப்பிற் பெயர் இருந்தது. பிள்ளையோ நூறு மைலுக்கு அப்பாற் குதிரையை நடத்திக்கொண்டிருந்தது. படகு சரக்கிறக்கும் துறையில் ஒரு நாள், ஏற்றும் துறையில் ஒரு நாள் என்று பள்ளி சென்ற பிள்ளை, ஒவ்வோர் ஊரிலும் முதற் பாடத்தையே மறுபடியும் படித்தது. பத்து வயதுப் பிள்ளை ஐந்து வயதுப் பிள்ளைகளோடு வாங்கில் உட்கார்ந்தது. அதன் நாணம் எத்தகையது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு வரச் சொல்வது போதாது, பள்ளியே பிள்ளையிடம் செல்ல வேண்டும் என்பதைச் சிலர் பின்னர் உணர்ந்தனர். 1930களில் இலண்டனுக்கு மேற்கே, படகுகள் கூடும் இடத்திற் பெரிய படகு ஒன்றையே பள்ளிக்கூடமாக்கி வகுப்பு நடத்தினர். 1950களிற் பேர்மிங்காம் நகரிற் படகுப் பிள்ளைகளுக்கென ஒரு விடுதியும் இயங்கிற்று. ஸ்ரோக் புறூவேண் என்னும் கால்வாய்க் கிராமத்தில் மேரி வார்ட் என்னும் தாதியார், வழியே செல்லும் படகு மக்களுக்குப் பல ஆண்டுகள் வைத்தியம் செய்துவந்தார். நோயாளியின் முகவரியை அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. படகு தம் வாயிலில் நின்றதே அவருக்குப் போதுமானதாயிருந்தது.

இனி, அச்சமுதாயத்தின் இறுதி அத்தியாயத்துக்கு வருவோம். கால்வாய்களுட் பெரும்பாலானவை 1948இல் அரசுடைமையாயின. அப்பொழுதே மோட்டார் லொறிகள் சரக்கைப் பெரிதும் கவர்ந்துவிட்டன. பின்னர் 1962ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் பெரும் பனிப்பொழிவு தொடங்கிற்று. 1963ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கம் வரை குளிர் விடவில்லை. மத்திய இங்கிலாந்தில் அவ்வாண்டு ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலையே பூச்சியத்துக்குக் கீழே 2.1 பாகை சதமளவையாக இருந்தது. 1740ஆம் ஆண்டின் பின்னர் அத்துணைக் கடுமையான குளிர்காலத்தை அந்நிலப்பகுதி கண்டதில்லை. படகுகள் நின்ற நின்ற இடத்திலே இறுகிப்போயின. நிலக்கரி ஏற்றிய படகுகளும் அவற்றுள் அடங்கும். கரி வேண்டி நாடு நடுங்கிக்கொண்டிருக்க, அக்கரி கால்வாய்களிற் சிறைப்பட்டுக் கிடந்தது.

அவ்வாரங்களிற் சரக்கு லொறிகளுக்கும் புகையிரதத்துக்கும் கைமாறியது. பனி இளகியபோது நீர் திரும்பியது, சரக்குத் திரும்பவில்லை. 1963 ஜனவரி முதலாந் திகதி பொறுப்பேற்ற புதிய நீர்வழிச் சபை, அவ்வாண்டிலேயே தன் ஒடுங்கிய படகுகளின் சரக்குச் சேவையிற் பெரும் பகுதியை நிறுத்தியது. தனிப்பட்ட சிலர் தொடர்ந்து ஓட்டினர். 1970இல் இலண்டனிலுள்ள ஒரு பழப்பாகுத் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டு சென்ற நீண்டதூரச் சேவையும் முடிவுற்றது. குளிர்காலம் மாத்திரம் அத்தொழிலைக் கொன்றதென்று சொல்வது சரியன்று. நலிந்து கிடந்தவனுக்கு வந்த காய்ச்சல்போல் அது முடிவை விரைவுபடுத்தியது.

கால்வாய்களும் அதனோடு தூர்ந்து போயிருக்கக்கூடும். அவ்வாறு ஆகாமற் காத்தோருள் எல். ரி. சி. ரோல்ட் என்னும் எழுத்தாளர் ஒருவர். 'கிறெசி' என்னும் படகைத் தம் இல்லமாக்கி வாழ்ந்த அவர், அவ்வாழ்க்கையை ஒரு நூலாக 1944இல் வெளியிட்டார். நூல் பலரை ஈர்த்தது. 1946இல் ரொபேட் ஏக்மன் முதலியோருடன் சேர்ந்து கால்வாய்களைப் பாதுகாக்கும் சங்கத்தை அவர் நிறுவினார். 1968ஆம் ஆண்டுச் சட்டம், உல்லாசப் படகுகளுக்கெனக் கால்வாய்கள் பலவற்றைப் பேண வழி செய்தது. 2012 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீளமான நீர்வழிகளை ஒரு தரும நிறுவனம் பராமரிக்கின்றது. அவற்றில் 30,000க்கும் மேற்பட்ட படகுகள் உள்ளன. அவற்றுள் ஒரு பகுதியில் மக்கள் ஆண்டு முழுவதும் வாழ்கின்றனர். சிலர் விருப்பத்தினாலும், சிலர் இலண்டன் போன்ற நகரங்களில் வாடகை கொடுக்க இயலாமையினாலும் படகேறியவர்கள். வாடகைக்கு அஞ்சி நீரில் இறங்கிய பழைய படகோட்டியின் கதை வேறு உருவில் மீண்டும் நிகழ்வதைக் காண்கின்றோம்.

இன்றைய படகின் உடல் பெரும்பாலும் உருக்கினால் ஆனது. முன்பு சரக்கு இருந்த இடத்தில் இப்பொழுது அறைகள் உள்ளன. ஆயினும் குளிர்கால நாளின் ஒழுங்கு பழைய ஒழுங்கையே பெரிதும் ஒத்திருக்கின்றது. விடியலில் முதல் வேலை அடுப்பைப் பார்த்தல். இரவு கரியை அடுக்கிக் காற்றுவாயிலைக் குறைத்து வைத்திருந்தால், சாம்பலின் கீழே தணல் இருக்கும். சாம்பலைத் தட்டி, கரியிட்டு, கேத்தலை அடுப்பின்மேல் வைத்துவிட்டால் வீடு உயிர் பெறும். அணைந்திருந்தால், தன் மூச்சுப் புகையாவதைக் கண்டுகொண்டே தீ மூட்ட வேண்டும். அடுப்புள்ள முனையிற் சட்டையைக் கழற்ற வேண்டிய சூடு; படுக்கையுள்ள மறுமுனையிற் கம்பளியோடும் நடுங்கும் குளிர். 60 அடிப் படகில் இரண்டு காலநிலைகள் உண்டு.

வெளியே குளிர்ந்த உருக்கு, உள்ளே மனித மூச்சும் சமையல் ஆவியும். ஆகையால் யன்னல்களில் நீர் அரும்பி வடியும். மெத்தையின் அடியிற் பூஞ்சணம் பிடிக்கும். இதற்கு மருந்து காற்றோட்டமே. ஆனால், குளிருக்கு அஞ்சிக் காற்றுத் துளைகளைத் துணியால் அடைக்க மனம் தூண்டும். அது உயிருக்கே ஆபத்து. கரி முற்றாக எரியாதபோது காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்கியவர் விழிப்பதில்லை. இதனாலேயே 2019 முதல், மக்கள் உறையும் படகுகளில் இவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி இருத்தல் கட்டாயமாக்கப்பட்டது.

நீர் சூழ்ந்திருந்தும் குடிநீர் அரிது. படகிலுள்ள தாங்கியைக் கரையோரக் குழாய்களிலிருந்தே நிரப்ப வேண்டும். குழாய் உறைந்தால், அல்லது குழாய்க்குச் செல்லும் வழி உறைந்தால், கலன்களிற் சுமந்து வரல் வேண்டும். மலசலகூடத்தின் பெட்டியையும் அதற்குரிய இடத்துக்குக் கொண்டு சென்று வெறுமையாக்க வேண்டும். மின்சாரம் பற்றறிகளிலிருந்து வருகின்றது. கூரையிலுள்ள சூரியத் தகடுகள் கோடையில் நிறையத் தரும். ஆனால், இலண்டனில் மார்கழிப் பகல் 8 மணி நேரமும் இல்லை. எஞ்சினை ஓட்டிப் பற்றறியை நிரப்பலாம்; அயலவரின் உறக்கம் கருதி, நிறுத்திய படகில் இரவு 8 மணிக்குப் பின்னர் எஞ்சினை ஓட்டலாகாது என்பது விதி. இவ்வாறு நீரும் ஒளியும் வெப்பமும் தத்தம் அளவோடு கையில் வந்து சேர்கின்றன. சுவரிலுள்ள ஆளியை அழுத்தும் நமக்கு அவற்றின் எடை தெரியாது. படகில் வாழ்பவனுக்குத் தெரியும், ஏனெனில் அவன் அவற்றைச் சுமந்தவன்.

அயலின் அருமையும் அப்பொழுதே தெரிகின்றது. கரியும் டீசலும் எரிவாயுவும் ஏற்றிய வியாபாரப் படகு ஒன்று துறைதோறும் வரும். அதன் வரவைப் பலரும் எதிர்பார்த்திருப்பர். இரண்டு நாளாக ஒரு படகின் புகைபோக்கியிற் புகை எழவில்லையானால், அடுத்த படகுக்காரர் சென்று கூரையைத் தட்டுவார்.

ஆயினும் சட்டம் ஒன்று இங்கே குறுக்கிடுகின்றது. நிலையான துறையில்லாத படகு, பொதுவாக ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து தங்கலாகாது என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. கரை ஒரு சிலருக்கே உரியதாகிவிடாமல் எல்லோர்க்கும் பயன்பட வேண்டும் என்பது அதன் நியாயம். அந்நியாயத்தை மறுக்க முடியாது. பனி உறைந்து வழி அடைபட்டால் விலக்களிக்கவும் செய்கின்றனர். கட்டணம் செலுத்துவோர்க்குக் குளிர்காலத் துறைகளும் உண்டு. ஆனால், பள்ளி செல்லும் பிள்ளையுள்ள தாய்க்கு ஒவ்வொரு பதினான்கு நாளும் ஒரு கணக்கு. படகு நகர நகரப் பள்ளி தூரமாகும். அன்று சரக்குக்காக ஓடிய படகு, இன்று சட்டத்துக்காக ஓடுகின்றது. பிள்ளையின் புத்தகப் பை இரண்டு காலத்திலும் அதனோடு அலைகின்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022–23 குளிர்காலத்தில் எரிபொருள் விலை பெரிதும் உயர்ந்தபோது, பிரித்தானிய அரசாங்கம் வீடு ஒன்றுக்கு 400 பவுண் உதவி வழங்கியது. அவ்வுதவி வீட்டின் மின்சாரக் கணக்கினூடாகச் சென்றது. மின்சாரக் கணக்கும் நிலையான முகவரியும் இல்லாத படகு வாசிகள் முதலில் அதற்குள் அடங்கவில்லை. அவர்கள் முறையிட்ட பின்னர், குளிர்காலம் கழிந்தே அவர்களுக்கெனத் தனி ஏற்பாடு வந்தது. இரக்கமின்மையால் நேர்ந்தது அன்று இது. உதவி செல்லும் பாதை வீட்டு வாயில்களை எண்ணியே அமைக்கப்பட்டிருந்தது. கரையோடு கயிற்றாற் கட்டிய வீட்டை அப்பாதை காணவில்லை.

நேயர்களே, 1877ஆம் ஆண்டிற் பிள்ளைக்கு ஓர் ஊரின் பெயரைக் கொடுத்தார்கள். கல்வி தொடர்ந்து சென்று சேரவில்லை. பிற்காலத்திற் சட்டங்கள் பெருகின. ஆயினும் இடாப்பில் இடம் கிடைக்காதவரைக் குளிர் முதலில் தீண்டுகின்றது. படகுப் பள்ளியை நடத்திய ஆசிரியரும், ஸ்ரோக் புறூவேண் தாதியாரும், அயற் படகின் கூரையைத் தட்டும் இன்றைய படகுக்காரரும் செய்தது ஒன்றே. மனிதன் வந்து தம் விதிக்குள் அடங்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அவன் நின்ற இடத்துக்குத் தாமே சென்றார்கள். ஒரு நாட்டின் ஒழுங்கு எத்துணைச் சிறந்தது என்பதை, அது தன் வாயிலைத் தட்ட இயலாதவனைத் தேடிச் செல்கின்றதா என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.